வியர்வைக்கு ஆறு மாச லீவு!

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பாருங்கள். எல்லோரும் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு ஆசாமி மட்டும் கையைத் தூக்காமல் கதவோர கம்பியைப் பிடித்தபடி ஊசலாடிக்கொண்டிருப்பார். விழுந்தாலும் விழுவாரே தவிர கையைத் தூக்க மாட்டார். சட்டை வெள்ளையாக இருக்கும், அல்லது கறுப்பாக இருக்கும். வெளிர் நீலம், சாம்பல் கலர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். ஆபீஸில் அக்குளில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டேதான் நடப்பார். யாராவது கை குலுக்க வந்தால் சட்டென்று இரண்டு கையையும் கூப்பி 'வணக்கம்' என்பார். தமிழ்ப்பற்று என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் அதுவல்ல ஸார். வியர்வை!

சென்னை வெயிலில் வியர்க்காதவன் யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் சொல்வது மே மாத வியர்வையை அல்ல. மார்கழி மாசத்தில், ஏ.ஸி. ரூமில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அக்குளிலிருந்து இடுப்பு வரை ஓடுகிற வியர்வை. கைரேகை மெஷின் விரலை ஏற்றுக்கொள்ளாத வியர்வை. செல்போன் திரையில் 'பாஸ்வேர்டு தவறு' என்று நாலு தடவை வரவழைக்கிற வியர்வை. இந்தச் சங்கத்தில் நான் ஆயுள் உறுப்பினர். பி.காம். பரீட்சையில் விடைத்தாளுக்கும் கைக்கும் நடுவே கைக்குட்டை விரித்து எழுதியவன். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் போட்ட மை நனைந்து பொறுப்புப் பக்கம் வரை பரவிய சரித்திரம் உண்டு.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான். சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் நடந்தது.

பத்து வருஷம் முன்பு ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை. ஒரு சாயங்காலம் கல்லாவில் 5,400 ரூபாய் குறைந்தது. மேனேஜர் எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் முறை வந்தபோது நெற்றியில் ஒரு சொட்டுகூட இல்லை. சட்டைதான் இரண்டு பக்கமும் இடுப்பு வரை நனைந்திருந்தது.

"ஏம்ப்பா, நான் இன்னும் கேள்வியே கேக்கலை. அதுக்குள்ள இப்படி வேர்க்குது?"

"எனக்கு எப்பவும் இப்படித்தான் சார்."

"எப்பவுமா?" என்றார். அந்த 'எப்பவுமா'வில் அதுவரை காணாமல் போன அத்தனை ரூபாய்க்கும் எனக்கும் அவர் முடிச்சுப் போட்டுவிட்டது தெரிந்தது.

இரண்டு நாள் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள், ரிட்டயராகப் போகிற எங்கள் கேஷியர் கண்டுபிடித்தார். கணக்கு வித்தியாசம் 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படு என்பது பழைய அக்கவுன்ட்ஸ்காரர்களின் சூத்திரம். 5,400 வகுபட்டது. வவுச்சரில் 7,100, புத்தகத்தில் 1,700. எழுதியது நானில்லை. மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் மேஜைக்கு மேலிருந்த ஃபேனை ஒரு பாயின்ட் கூட்டி வைத்தார். அவ்வளவுதான்.

வேர்ப்பவன் பயப்படுகிறான், பயப்படுபவன் தப்பு செய்திருக்கிறான். ஆபீஸ், இன்டர்வியூ, பெண் பார்க்கும் படலம் எல்லா இடத்திலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. இந்தக் கணக்கும் தப்பு. எங்கே தப்பு என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு சூடானால் மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு போகும். நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசியும். அதுதான் தபால்காரர். அவர் போய்க் கதவைத் தட்டினால் சுரப்பி தண்ணீரைத் திறந்துவிடும். தண்ணீர் ஆவியாகும்போது தோல் குளிரும். மண்பானைத் தத்துவம்.

உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் இந்த மூன்றுக்கும் கூடுதலாக ஒரு வேலை. சூடு இல்லாவிட்டாலும் மனசு கொஞ்சம் பரபரத்தால் அங்கே வியர்க்கும். இது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு மட்டும் தபால்காரர் தேவையே இல்லாமல் நாளெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். சுரப்பிகள் எண்ணிக்கையில் அதிகமில்லை, வடிவத்திலும் கோளாறில்லை. உத்தரவுதான் மிதமிஞ்சி வருகிறது. இதற்கு ஹைப்பர்ஹைட்ரோஸிஸ் என்று பெயர். அழுக்கும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. ஆனால் வேர்க்குமோ என்ற கவலையிலேயே இன்னும் வேர்க்கும். வட்டிக்கு வட்டி மாதிரி.

தோல் டாக்டரிடம் போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய டாக்டரம்மா. சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசையாகக் கேட்டார். எத்தனை வயதில் ஆரம்பித்தது? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? வாரம் ஒரு தடவையாவது வருகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? (அப்பாவுக்கு உண்டு. அவர் அதைக் கடைசி வரை 'உஷ்ண உடம்பு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.) தினசரி வேலை கெடுகிறதா?

"தூங்கும்போது வேர்க்குதா?"

"தெரியலையே டாக்டர், தூங்கிக்கிட்டிருப்பேனே..."

கூட வந்த மனைவி முந்திக்கொண்டாள். "தூங்கும்போது கையெல்லாம் காஞ்சுதான் இருக்கும் டாக்டர். குறட்டைக்கு ஏதாவது மருந்து இருக்கா?"

டாக்டர் சிரித்துவிட்டு முதல் பதிலை மட்டும் குறித்துக்கொண்டார். அது முக்கியமான துப்பாம். சிறு வயதிலோ விடலைப் பருவத்திலோ ஆரம்பித்து, இரண்டு பக்கமும் சமமாக, விழித்திருக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான். அப்படியில்லாமல் திடீரென்று புதிதாக ஆரம்பித்தாலோ, ராத்திரியில் படுக்கை நனைந்தாலோ, கூடவே ஜுரம், எடை குறைவு இருந்தாலோ கதை வேறு. தைராய்டு, காசநோய், சில மாத்திரைகள் என்று பல காரணங்கள் இருக்கலாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவருக்கு திடீரென்று வேர்த்து நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நெஞ்சு வலியோடு குப்பென்று வேர்த்தால் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு டாக்டர் நாலு வாக்கியம் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒன்று: வியர்வை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு: பொறுத்துக்கொள்ளலாம், எப்போதாவது தொந்தரவு. மூன்று: பொறுப்பது கஷ்டம், அடிக்கடி தொந்தரவு. நாலு: பொறுக்கவே முடியவில்லை, எப்போதும் தொந்தரவு. மூன்றும் நாலும் கடுமையான கேஸ். நான் மூன்று என்றேன். மனைவி நாலு விரலைக் காட்டினாள்.

முதல் படி உடனே ஊசி இல்லை. அலுமினியம் குளோரைடு கலந்த தண்ணீர் மருந்து. ராத்திரி படுக்கும் முன் அக்குளை நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பூசி, காலையில் கழுவ வேண்டும். சுரப்பியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஈரத்தில் பூசினால் எரியும், ஷேவ் செய்த கையோடு பூசினால் இன்னும் எரியும். விலை குறைவு. பலருக்கு இதிலேயே வழக்கு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. காயவைத்துப் பூசியும் தோல் சிவந்து தடித்து, அக்குளில் மிளகாய்ப்பொடி தூவியது போலிருந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"போடாக்ஸ் போட்டுப் பார்க்கலாமா?"

"அது சினிமாக்காரங்க முகத்துக்குப் போடறதில்லையா டாக்டர்?"

"முகத்துக்கும் போடுவாங்க. உங்க முகத்தை நான் ஒண்ணும் சொல்லலை."

விஷமே மருந்தான கதை

போடாக்ஸ் என்பது ஒரு பிராண்டு பெயர். உள்ளே இருப்பது பாட்டுலினம் என்ற விஷம். மனிதன் அறிந்த விஷங்களிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. இதன் பூர்வீகம் சாஸேஜ்! பன்றிக் குடலில் இறைச்சியை அடைத்துச் செய்வார்களே, அது. லத்தீனில் 'பாட்டுலஸ்' என்றால் சாஸேஜ்.

ஜெர்மனியில் ஜஸ்டினஸ் கெர்னர் என்று ஒரு டாக்டர், கவிஞரும்கூட. கெட்டுப்போன சாஸேஜ் சாப்பிட்டுச் செத்தவர்களைப் பற்றி 1820-லும் 1822-லும் விரிவாக எழுதினார். தசைகள் தளர்ந்துபோவதோடு கண்ணீர், எச்சில், வியர்வை எல்லாம் வற்றிப்போவதையும் கவனித்தார். அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் சாப்பிட்டும் பார்த்தார். (கவிஞர்கள் எதற்கும் துணிந்தவர்கள்.) மிகச் சிறிய அளவில் இதை மருந்தாகப் பயன்படுத்த முடியும் என்றும் அன்றைக்கே எழுதி வைத்தார்.

1895-ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டு கோஷ்டி, பன்றித் தொடைக்கறி சாப்பிட்டுப் படுத்தது. மூன்று பேர் செத்தார்கள். மிச்சமிருந்த கறியிலிருந்து வான் எர்மெங்கம் என்ற விஞ்ஞானி அந்தக் கிருமியைப் பிடித்தார். பிறகு வெகு காலம் கழித்து, அமெரிக்காவில் ஸான்ஃபிரான்சிஸ்கோ கண் டாக்டர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய இதை ஊசியாகப் போட்டார். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

வியர்வைக்கு எப்படி வந்தது? முகத்தில் ஒரு பக்கம் இழுக்கும் நோய்க்கு இந்த ஊசி போட்டவர்களுக்கு அந்தப் பக்கம் வியர்வை குறைந்தது. புஷாரா, பார்க் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தத் தொடர்பை 1994-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சுருக்கத்துக்கு 2002-ல் அனுமதி, அக்குள் வியர்வைக்கு 2004-ல் அனுமதி.

செய்கிற வேலை எளிது. தபால்காரரை வெளியே விடாமல் தபாலாபீஸைப் பூட்டிவிடுகிறது. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் கசிவது நிற்கிறது. உத்தரவு வராததால் சுரப்பி சும்மா இருக்கிறது. சுரப்பிக்குச் சேதமில்லை. சில மாதங்களில் நரம்பு தன்னைச் சரிசெய்துகொண்டு மறுபடி தபாலாபீஸைத் திறந்துவிடும்.

ஊசி போட்ட நாள்

முதல் நாளே அக்குளை ஷேவ் செய்துவிட்டு, பவுடர், ஸ்ப்ரே எதுவும் போடாமல் வரச் சொன்னார்கள். முதலில் அயோடின் தடவினார்கள். காய்ந்ததும் மேலே ஸ்டார்ச் மாவைத் தூவினார்கள். வேர்க்கிற இடம் மட்டும் கருநீலமாக மாறியது. மைனர் என்ற டாக்டர் 1928-ல் சொன்ன சோதனை இது. (மைனர் அவர் பெயர்தான். வயது அல்ல.) என் இரண்டு அக்குளிலும் ஆளுக்கொரு ஆஸ்திரேலியா தெரிந்தது.

அந்த ஆஸ்திரேலியாவுக்குள் பேனாவால் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்தார் டாக்டர். பக்கத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து புள்ளிகள். அக்குள் ஒன்றுக்கு 50 யூனிட். மெல்லிய ஊசியால் தோலுக்குள்ளேயே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு துளி. கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது. ஏழாவது கடிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. நடந்தே வெளியே வந்தேன்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாளும் பழைய குருடி கதைதான். ஒரு வாரம் ஆனதும் ஒரு நாள் மத்தியானம் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது! பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் வயதில் ஒருவன் அக்குளைத் தொட்டு அழுதான் என்று யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம்.

எல்லோருக்கும் இப்படியா? 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 320 பேரை வைத்துப் பார்த்தார்கள். நாலு வாரத்தில் 100-க்கு 94 பேருக்கு வியர்வை பாதிக்குமேல் குறைந்தது. இதில் வேடிக்கை, மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவர்களிலும் 100-க்கு 36 பேருக்குக் குறைந்துவிட்டது. மனசு செய்கிற மாயம்!

உடம்பு சூடு தணிவதற்கு என்ன வழி என்று சிலர் பயப்படுவார்கள். அக்குள் உள்ளங்கை அகலம்தான். மிச்ச உடம்பு வழக்கம் போல் வேர்க்கும். சிலருக்கு வேறு இடத்தில் கொஞ்சம் கூடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம்

வணிகவியல் படித்தவன் என்பதால் ஒரே ஒரு பாடம் நடத்திக்கொள்கிறேன். கட்டடம் வாங்கினால் அது மூலதனச் செலவு. வாடகை கொடுத்தால் அது வருவாயினச் செலவு. போடாக்ஸ் இரண்டாவது ரகம். ஒரு ஊசியின் பலன் நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை. எனக்கு முதல் தடவை ஆறரை மாதம் வந்தது. அதன் பிறகு தபாலாபீஸ் திறந்துவிட்டது. ஆக வருஷத்துக்கு இரண்டு தடவை. 'ஒரு தடவை போட்டால் போதும், ஜென்மத்துக்கும் வராது' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில் யூனிட் கணக்கில் வரும். என்ன பிராண்டு, எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை என்று முன்னாலேயே கேளுங்கள். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் சமமில்லை. விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். மருந்துக் குப்பியைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போடுகிறவர் பயிற்சி பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். ப்யூட்டி பார்லரில் புருவம் திருத்தும்போது கூடவே இதையும் போட்டுக்கொள்கிற வேலை வேண்டாம். தசை பலவீன நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர்களுக்கு இது ஆகாது. சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு விழுங்கவோ, பேசவோ, மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் - இது அபூர்வம் - உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உள்ளங்கைக்கும் போடுகிறார்கள். அங்கே வலி அதிகம், நரம்பை மரக்கவைத்துப் போட வேண்டியிருக்கும். சில வாரம் விரல் பிடிமானம் குறையலாம். பேனா பிடித்துப் பிழைக்கிறவன் நான். "கைக்கு வேண்டாம் டாக்டர்" என்றேன். அதற்குப் பதில் தட்டுத் தண்ணீரில் கையை வைத்து லேசான மின்சாரம் விடுகிற ஒரு சிகிச்சை இருக்கிறது. தடவைக்கு இருபது முப்பது நிமிஷம், ஆரம்பத்தில் வாரத்தில் சில தடவை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது. எனக்கு முழுசாக நிற்கவில்லை, ஆனால் பேப்பர் நனைவதில்லை. மாத்திரைகளும் உண்டு, வாய் வறளும், மலச்சிக்கல் வரும். நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கிற ஆபரேஷனும் உண்டு. கை காய்ந்துவிடும், முதுகும் வயிறும் தொடையும் பதிலுக்கு ஊற்ற ஆரம்பிப்பது அதில் சகஜம். அதனால் அது கடைசிப் படி.

இவ்வளவும் செய்துகொண்டு என்ன லாபம் என்று கேட்டால், வெளிர் நீலத்தில் இரண்டு சட்டை வாங்கினேன். ஆனால் நான் சொல்ல வந்தது சட்டையைப் பற்றி அல்ல.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கைக்குட்டையை விரித்து அதன் மேல் கை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் யாரும் அவன் கையைத் தொடுவதில்லையாம், 'தவளை' என்று பெயராம். டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்விகளை அவனிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"இது ஒரு நோய்டா. பேரு ஹைப்பர்ஹைட்ரோஸிஸ். மருந்து இருக்கு. லீவு விட்டதும் டாக்டர்கிட்ட போலாம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "இதுக்குப் பேர் இருக்கா மாமா?"

"இருக்கு."

மறந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்ளப் பார்த்தான். பேனா எழுதவில்லை.

"பேப்பர்ல எழுதுடா" என்றேன்.